சனிக்கிழமை பதினோரு மணி போன்

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஜூலையில் கார்ல் டெல்லிக்கு மாற்றலாகிப் போனான். மைசூரில் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஐந்து வருஷம் ஷெர்லிக்கு எதிர் மேஜையில் இருந்தவன். இருவரும் சேர்ந்து வேலை பார்த்த, லினக்ஸ் மென்பொருளில் ஓடும் லேப்டாப் அவள் பொறுப்புக்கு வந்தது. அதன் பக்கவாட்டில் செருகிய கம்பியில்லா நெட்வொர்க் அட்டை, சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பிரதான கட்டடத்தோடு இணைப்புக் கொடுக்கும். அந்த நாளில் அப்படியொன்றைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு.

மாதக் கடைசியில் ஷெர்லி லினக்ஸின் புது வெர்ஷனை ஏற்றினாள். அன்றே கோளாறு ஆரம்பித்தது. லேப்டாப்பைப் போட்டதும் இணைப்பு வரும். பத்து விநாடியில் அறுந்துவிடும். வேறு வழியில்லாமல் கார்லுக்குத் தகவல் அனுப்பினாள். சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஆபீசுக்கு அவன் போன் வந்தது.

"கனெக்ஷன் வருது, உடனே போயிடுது" என்றாள்.

"ஹௌதா?" மைசூரிலேயே வளர்ந்தவனுக்கு ஆச்சரியம் கன்னடத்தில்தான் வரும். "ஸ்டார்ட் ஆகும்போது ஸ்கிரீன்ல ஓடுற வரியெல்லாம் படிங்க ஷெர்லி."

அவள் படிக்கப் படிக்க அவன் பொறுமையாகக் கேட்டான். "சரியாகிற வரைக்கும் சனிக்கிழமைதோறும் போன் பண்றேன், கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

செவ்வாய்க்கிழமை அவளே கண்டுபிடித்துவிட்டாள். லேப்டாப் எழும்போதே நெட்வொர்க் சர்வீஸ் என்ற புரோகிராம் அட்டையை எழுப்பி ஒரு முகவரி கொடுத்தது. பின்னாலேயே வந்த, அட்டைக்கென்றே இருந்த இன்னொரு சர்வீஸ், அது ஏற்கெனவே எழுந்தது தெரியாமல், மறுபடி எழுப்பி வேறு முகவரி கொடுத்தது. இந்த இழுபறியில்தான் இணைப்பு அறுந்தது. முதல் சர்வீஸின் கோப்பில், அட்டையைத் தானாக எழுப்பலாமா என்பதற்கு 'ஆம்' என்றிருந்த ஒரு இடத்தை 'இல்லை' என்று மாற்றினாள். சாயங்காலம் வரை இணைப்பு அசையவில்லை.

"சரியாச்சா?" என்று சனிக்கிழமை கார்ல் கேட்டான்.

"இல்ல" என்றாள். யோசிக்கும் முன்பே வாயில் வந்துவிட்டது.

நான்கு சனிக்கிழமை அப்படியே போயிற்று. பத்தரைக்கே போன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். நோட்டில் குறித்து வைத்த பழைய வரிகளைப் புதிது போலப் படிப்பாள். நடுநடுவே அவன் டெல்லி வெயிலைச் சொல்வான், அறையில் தனியாகச் சமைப்பதைச் சொல்வான். போனை வைத்த பிறகு அந்தக் குரலை நினைத்துக்கொண்டு வாரம் முழுக்க ஓட்ட வேண்டும்.

ஐந்தாம் சனிக்கிழமை அவன் சொன்னான்: "போன்ல முடியாது ஷெர்லி. டிக்கெட் போட்டுட்டேன். இருபதாம் தேதி வர்றேன்."

பேசாமலிருந்தால் போதும், வந்துவிடுவான். ஆனால் ஒன்றுமில்லாத கோளாறுக்கா இரண்டு நாள் ரயிலில் வருவான்?

"வராதீங்க" என்றாள். "அது சரியாகி ஒரு மாசமாச்சு. ரெண்டு சர்வீஸும் ஒரே அட்டையை எழுப்பிட்டு இருந்துச்சு. ஒண்ணை நிறுத்திட்டேன்."



"ஏன் சொல்லல?" என்று கேட்டான்.

"சொல்லியிருந்தா நீங்க போன் பண்ணியிருக்க மாட்டீங்க."

அங்கே யாரோ அவனைக் கூப்பிடுவது கேட்டது. அவன் போனை வைக்கவில்லை.

"டிக்கெட் இருக்கட்டும்" என்றான் கடைசியில். "வர்றேன்."

ரிசீவரை வைத்துவிட்டு ஷெர்லி காலண்டரைப் பார்த்தாள். இன்னும் பதினாறு நாள். ஐந்து வருஷம் எதிரிலேயே இருந்தவனுக்காக இப்படி நாள் எண்ணுவது அவளுக்கே விசித்திரமாக இருந்தது.