மாதி பெயரில் ஒரு முகம்

புடவையைக் கையில் கொடுத்தபோதே தனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும் என்று கார்குழலி பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டாள். வரவில்லை. முரட்டு நூலில் நெய்த காவி நிறப் புடவை, கூடவே சிவப்பும் கறுப்புமாக ஒரு பாசிமணி மாலை. "சார் கட்டிக்கச் சொன்னாருக்கா," என்று சொல்லிவிட்டு, அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் செந்தமிழ்ச்செல்வி வேறு பக்கம் பார்த்தாள். யூனிபார்ம் என்று நினைத்துக் கட்டிக்கொண்டாள் கார்குழலி. பதினோரு வருஷம் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமைத்தவள் அவள். யூனிபார்ம் அவளுக்குப் புதிதல்ல.

அந்தத் தொழிற்சாலையை மூடிய பிறகுதான் ஹரிகிருஷ்ணனிடம் வேலைக்குச் சேர்ந்தாள். பிரெஞ்சுக்காரர் காலத்து ஒயிட் டவுனில் பழைய வீடொன்றின் மாடியில் அவன் அலுவலகம். 'நிதானம்' என்று பெயர்ப்பலகை. காடு பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகிற கம்பெனி. மற்றவர்களைப் போல ஜீப்பில் புலியைத் துரத்திக்கொண்டு ஓடுவது கிடையாது. எட்டே பேர், ஏழு நாள். மலையோரத் தேசியப் பூங்கா ஒன்றின் எல்லைக்கு வெளியே கூடாரம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஜீப்பில் உள்ளே போவார்கள். ஒரு நாளைக்கு ஒரு நீர்நிலை, அவ்வளவுதான். மான் வந்தால் மான். ஒன்றும் வராவிட்டால் காற்றைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கென்றே பிரான்சிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

கார்குழலிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நோணாங்குப்பத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவளுக்குக் காடு என்றால் முதலில் பயம்தான். மூன்று வருஷத்தில் பயம் போய்விட்டது. போக்கியது மாதி.

மாதிக்கு அறுபது வயதிருக்கும். கூடாரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பழங்குடி ஊர்க்காரி. விடிந்ததும் வந்து, எல்லையோரத்து ஒற்றையடிப் பாதையில் விருந்தாளிகளுக்கு முன்னால் நடப்பாள். மண்ணைப் பார்த்தே ராத்திரி யார் வந்தார்கள், எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்லிவிடுவாள். இன்றைக்கு எந்த நீர்நிலைக்குப் போகலாம் என்று கம்பெனி வழிகாட்டி அவளிடம்தான் கேட்பான். கேட்டதைத் தானே கண்டுபிடித்ததுபோல விருந்தாளிகளிடம் இங்கிலீஷில் சொல்வான். ஜீப் கிளம்பியதும் மாதிக்கு அதில் இடம் இருக்காது. பூங்காவின் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். கார்குழலி தூக்குவாளியில் சோறு கொண்டுபோய்க் கொடுப்பாள். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "எங்க அப்பன் பொறந்த எடம் இந்தக் கேட்டுக்கு உள்ளாற இருக்கு," என்று மாதி ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள்.

போன சீசனில் போட்டோ எடுக்க ஓர் ஆள் வந்தான். மாதி கையை முகத்துக்கு நேரே நீட்டி, "என் மூஞ்சி எங்கயும் போவ வேணாம்," என்று சொல்லிவிட்டாள். அவன் சமையல் கூடாரத்துக்கு வந்து கார்குழலியைப் படம் எடுத்துக்கொண்டான். அலுவலகத்துக்கு வேண்டியிருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது புதிய சீசனுக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மாலை, அலுவலகத்துக்குக் கீழே உள்ள கூடத்தில் ஊர்ப் பெரிய மனிதர்களைக் கூட்டி விருந்து வைத்தான் ஹரிகிருஷ்ணன். சமையல் கார்குழலி, அந்தக் காவிப் புடவையில். பெரிய மார்க்கெட்டில் அவளே போய்ப் பார்த்து வாங்கிய வஞ்சிரம், புளியும் மாங்காயும் போட்டுக் கொதித்து மணத்தது. குழம்புச் சட்டிக்கு முன்னால் செந்தமிழ்ச்செல்வி ஓர் அட்டையைச் சாய்த்து வைத்தாள். அதில் இங்கிலீஷும் பிரெஞ்சும் இருந்தன. கார்குழலி அதைக் கவனிக்கவில்லை. சோறு குழைந்துவிடக் கூடாதே என்பதில்தான் இருந்தாள்.

முதலில் வந்தவர் மதாம் ஜெயசித்ரா. முப்பது வருஷம் பாரீசில் இருந்துவிட்டுப் புதுச்சேரிக்கே திரும்பி வந்தவர். அட்டையைப் படித்தார். கார்குழலியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, சத்தமாக, கையால் பிசைந்து காட்டிக்கொண்டு கேட்டார்.

"நீங்க... சோறு... சாப்புடுவீங்களா?"

"சாப்புடுவேங்க. மீன் கொழம்போட."

"தமிழ் நல்லா வருதே உங்களுக்கு."

"பொறந்ததுலேர்ந்து பேசுறேங்க."

மதாமுக்குக் குழப்பமாகிவிட்டது. "உங்க ஆளுங்களுக்குத் தனி பாஷை இருக்கும்னு நெனச்சேன். அதோ, காட்டுக்காரங்கன்னுதானே போட்டிருக்கு," என்று கார்குழலியின் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

கார்குழலி திரும்பிப் பார்த்தாள். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை, அவள் அடுப்பங்கரையில் இருந்தபோது மாட்டியிருக்க வேண்டும். அதில் அவளே குனிந்து கரண்டி பிடித்திருந்தாள். ஆனால் கேஸ் அடுப்பைக் காணோம், சிலிண்டரைக் காணோம். சட்டிக்கு அடியில் விறகு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. காட்டோரத்தில் ஒரு சுள்ளி பற்றவைத்தால்கூட மாதி விடமாட்டாள். வெயில் காலத்தில் அங்கே நெருப்பு கூடாது என்பது வனத்துறைக் கட்டளை. படத்தில் கையில் கடிகாரம் இல்லை. ரவிக்கை நிறம் மாறியிருந்தது. கழுத்தில், இப்போது அவள் போட்டிருக்கிற அதே பாசிமணி.

"என்னாங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

மதாம் படித்துத் தமிழில் சொன்னார். "மாதி. காட்டின் மகள். நகரத்தைப் பார்த்திராதவள். அவள் பாட்டன் காலத்துக் காட்டாற்று மீன் குழம்பை நீங்கள் ருசிப்பீர்கள்."

கார்குழலி கரண்டியைச் சட்டிமேல் வைத்துவிட்டு, பின்கட்டில் நின்றுகொண்டிருந்த ஹரிகிருஷ்ணனிடம் போனாள். அவன் கையிலிருந்த தாளைப் பார்த்துப் பேச வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. ஒருநாளும் அவளிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

"சார், செவுத்துல இருக்கிறது என் மூஞ்சி. பேரு மாதிக்காவுது."

"அதுவாக்கா. நானே சொல்லணும்னு இருந்தேன். வேலைல மறந்துட்டேன்."

"மறக்குற விஷயமா சார் இது?"

"வர்றவங்களுக்கு ஒரு கதை வேணும்கா. நோணாங்குப்பத்துலேர்ந்து ஒருத்தங்க வந்து சமைக்கிறாங்கன்னா யாரு காட்டுக்கு வருவாங்க? மாதி படம் எடுக்க உடல. உங்களுக்கு அந்தக் களை இருக்கு."

"என்னா களை?"

அவள் நிறத்தையும், கொண்டையையும், வெற்றுக்காலையும் அவன் கண்கள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. கார்குழலிக்குக் காது இரண்டும் சூடேறிற்று.

"அஞ்சு நிமிஷம்கா. நான் பேசும்போது வந்து பக்கத்துல நில்லுங்க. சும்மா சிரிச்சா போதும். பேச வேணாம்." தாளை மடித்துக்கொண்டு அவன் கூடத்துக்குப் போய்விட்டான்.

அவள் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. போயிருப்பாள். அதற்குள் மைக்கில் அவன் குரல் கேட்டது. "காட்டில் நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று. அவசரப்படாதே. ஒரு கரையான் புற்றுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார். அது தன்னைத் தானே உனக்குச் சொல்லும். எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த மாதி இன்று முதன்முறையாக நகரத்துக்கு வந்திருக்கிறார்."

கை தட்டினார்கள். கார்குழலி போய் அவன் பக்கத்தில் நின்றாள். ஐம்பது முகங்கள் அவளைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தன. அந்தக் கனிவுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நான் மாதி இல்லீங்க," என்றாள். மைக் அவன் கையில் இருந்தது. அது அவளுக்குத் தேவைப்படவில்லை. மீன் விற்ற வீட்டில் வளர்ந்த குரல் கூடத்தின் கடைசி வரை போயிற்று. "என் பேரு கார்குழலி. நோணாங்குப்பம், போட் ஹவுஸுக்குப் பின்னாடி வீடு. இந்த டவுன்ல நான் பாக்காத தெரு கெடையாது. இந்த மீனு காட்டாத்து மீனு இல்ல, கடல் மீனு. காலைல மார்க்கெட்டுல வாங்குனேன். நான் சமைக்கிறது கேஸு அடுப்புல."

ஹரிகிருஷ்ணன் மைக்கை வாயருகே கொண்டுபோய்விட்டுத் தாழ்த்தினான்.

"அப்ப மாதின்னு ஒருத்தங்க இல்லையா?" என்று மதாம் கேட்டார்.

"இருக்காங்க. நெஜமாவே இருக்காங்க. இவரு சொன்ன பாடமெல்லாம் அவங்க சொன்னதுதான். இவங்க ஜீப்புல உள்ளாற போற நேரம் அவங்க கேட்டுக்கு வெளில உக்காந்திருப்பாங்க. அவங்க அப்பா பொறந்த காடு அது." மூச்சு வாங்கிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். "மூஞ்சி தரமாட்டேன்னு சொன்னவங்ககிட்ட பேர எடுத்துக்கினீங்க. பேரு இருக்கிற எங்கிட்ட மூஞ்சிய எடுத்துக்கினீங்க. ரெண்டு பேரையும் கேக்கல. கரையான் புத்துக்கு ரெண்டு மணி நேரம் இருக்குது சார் உங்ககிட்ட. என்னைக் கேக்க ரெண்டு நிமிஷம் இல்லையா?"

பாசிமணியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

அவன் கெட்டிக்காரன். ஒரு நொடிதான் தடுமாறினான். பிறகு சிரித்துக்கொண்டு, "இந்த வெளிப்படைத்தன்மைதான் நிதானத்தின் பலம்," என்று சொல்லிக் கை தட்டத் தொடங்கினான். பாதிப் பேர் சேர்ந்து தட்டினார்கள். ஒருவர், ஜனவரியில் போனால் புலி கண்ணில் படுமா என்று கேட்டார். பேச்சு புலிக்குத் தாவிவிட்டது. கார்குழலி பின்கட்டில் போய்த் தன் புடவைக்கு மாறிக்கொண்டு வெளியே வந்தபோது, மதாம் மட்டும் வாசலில் நின்றிருந்தார். "நான் பேசுனதும் தப்புதாம்மா. பார்தோன்," என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார். கார்குழலி தலையை மட்டும் ஆட்டினாள்.

கைதட்டியே தன் வாயை அடைத்ததுதான் வீட்டுக்குப் போன பிறகும் அவளை எரித்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு பஸ் பிடித்து அலுவலகத்துக்குப் போனாள். பலகையை எடுத்துவிட்டிருந்தார்கள். செந்தமிழ்ச்செல்வியின் கம்ப்யூட்டரில், கம்பெனியின் இன்டர்நெட் பக்கத்தில், அதே படம் அப்படியே இருந்தது.

"எடுத்துடுறோம்கா. டைம் ஆவும்," என்றான் ஹரிகிருஷ்ணன்.

"ஆவட்டும் சார். நான் நிதானமா உக்காந்திருக்கேன்."

வருகிறவர்கள் உட்காரும் பிரம்பு நாற்காலியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமையும் போனாள். அன்று பயணத்துக்குப் பதிய வந்த தம்பதி, நீங்கள் யார் என்று அவளிடம் கேட்டார்கள். சொன்னாள். முழுவதும் சொன்னாள். அவர்கள் பிறகு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்கள். ஹரிகிருஷ்ணன் முதல் தடவையாகக் குரல் உயர்த்தினான். "உங்களுக்கு நான் என்னக்கா கொற வச்சேன்? இந்த சீசன்லேர்ந்து நீங்க வர வேணாம்."

"வரல சார். படத்த எடுங்க."

புதன்கிழமை படம் மாறியிருந்தது. செந்தமிழ்ச்செல்வி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். முகத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். பெயரும் இல்லை. கரண்டி பிடித்த கை மட்டும் விறகு நெருப்புக்கு மேலே நின்றது. 'காட்டின் கைகள்' என்று கீழே எழுதியிருந்தது.

"இதுவும் என் கைதான் செல்வி."

அந்தப் பெண் வாசலைப் பார்த்தாள். ஹரிகிருஷ்ணன் இன்னும் வரவில்லை. கார்குழலியின் முகத்தைப் பார்த்தாள். "நான்தான்கா அன்னிக்கு சிலிண்டர அழிச்சேன்," என்று மெல்லச் சொன்னாள். பிறகு எதையோ இரண்டு முறை தட்டினாள். கை இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது. "சார் கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீங்க கெளம்புங்கக்கா."

வீட்டுக்கு வந்த பிறகுதான் கார்குழலி மாதியிடம் பேசினாள். மாதியிடம் போன் கிடையாது. அவள் மருமகனைப் போனில் கூப்பிட்டு, அவன் அவளைத் தேடிப் பிடித்துக் கொடுக்க அரை மணி நேரமாயிற்று. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"என் பேர யாரு குடுத்தா அந்த ஆளுக்கு?" என்று மாதி கேட்டாள்.

"யாரும் குடுக்கலக்கா. அவனா எடுத்துக்கினான்."

"அவங்க வரட்டும். நான் முன்னால நடக்க மாட்டேன். எங்க ஊருல யாரும் நடக்க மாட்டாங்க. நான் சொல்லி வைக்கிறேன்." பிறகு கேட்டாள். "உனக்கு வேல போச்சா?"

"போச்சு."

"சமைக்கத் தெரிஞ்சவ. வேற கெடைக்கும்." மாதியின் குரலில் ஆறுதல் எதுவும் இல்லை, உள்ளதைச் சொன்னாள். "ஆனா நீ சொன்ன அந்தச் செவப்பும் கறுப்புமான பாசி, அது யாரு கோத்ததுன்னு கேட்டியா நீ? எங்க ஊருல யாரும் அந்த மாதிரி கோக்குறதில்லையே."

"கேக்கல."

"எங்க பாசின்னு காட்ட கடையில வாங்கியிருப்பான்," என்றாள் மாதி. அதைச் சொல்லும்போதுதான் அவள் குரலில் முதன்முதலாகக் கோபம் ஏறிற்று.