தலைகீழாக நின்ற தூண்

ஒன்பது வருடமாகச் சுற்றுலா வழிகாட்டியாகப் பேசிப் பழகிய சிஸுருவுக்கு அன்று நாக்கு ஒட்டிக்கொண்டது. ஜப்பானில், நாரா நகரின் மலையடிவாரப் புத்த விகாரையைப் பார்க்க வந்த பதினோரு பேரில், கையைப் பின்னால் கட்டி நின்ற டோகுஸோ, அவள் காதலன் ரெய்ஜியின் அப்பா. பரம்பரைக் கோவில் தச்சர். "வாயால வீடு கட்டுற பொண்ணு. அவ பேச்சைக் கேட்டுட்டுத்தான் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்வேன்" என்று மகனையும் இழுத்து வந்திருந்தார்.

கூரைச் சரிவு, ஆணியில்லாத மூட்டு எல்லாம் சொல்லியாயிற்று. அவர் தலைகூட அசையவில்லை. வடகிழக்குத் தூணருகே திடீரென்று நின்றார்.

"இது மட்டும் ஏன் தலைகீழா நிக்குது? மரத்தோட வேர்ப்பக்கம் மேல இருக்கே."

"அட, ஆமா! கணுவெல்லாம் கீழ பாக்குதே" என்றாள் ஒரு குண்டுப் பெண்மணி.

எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. முழுமையடைந்த கட்டடம் அழியத் தொடங்கும் என்பதால் ஒரு தூணை வேண்டுமென்றே திருப்பி நிறுத்துவார்கள். 'அதையே சொல்லேன்' என்று ரெய்ஜி கண்ணாலேயே கெஞ்சினான். ஆனால் அவள் திருப்பணிப் பதிவேட்டைப் படித்திருந்தாள்.

"சில இடத்துல வேணும்னே செய்வாங்க, ஐயா. இங்க அப்படி இல்ல. நாப்பது வருஷம் முன்னால இந்தத் தூணை மாத்தினப்போ நடந்த தப்பு. உத்தரம் பூட்டின பிறகுதான் கவனிச்சிருக்காங்க."

"யாரு தப்பு?"

"பதிவுல... உங்க அப்பா பேர் இருக்கு."

அவர் விறுவிறுவென்று வெளியே போனார்.

"போச்சு! ஒரு பொய் சொல்லக் கூடாதா?" என்றான் ரெய்ஜி.

"இன்னைக்குச் சொன்னா, உங்க வீட்டுல தினம் சொல்லணும்."

மிச்சத்தை எப்படிச் சொல்லி முடித்தாளோ! வாசலுக்கு வந்தபோது டோகுஸோ படியில் உட்கார்ந்து காலணியோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

"பதிவு தப்பு" என்றார் நிமிராமலே. "நிறுத்தினது நான். பத்தொன்பது வயசு. அப்பா பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டார். திருத்தி எழுதச் சொல்லு."

"சரிங்க ஐயா."

"எழுதறது இருக்கட்டும். முப்பது வருஷமா என் பொண்டாட்டி, சொந்தக்காரங்களையெல்லாம் கூட்டிட்டு வந்து, மாமனார் வேணும்னே திருப்பி வச்ச தூணுன்னு பெருமை அடிச்சுக்கிறா. அவகிட்ட யாரு சொல்றது? எனக்குத் தைரியம் இல்லம்மா."

சிஸுரு ரெய்ஜியைப் பார்த்தாள். அவன் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தான்.

"ஞாயித்துக்கிழமை வந்து நானே சொல்றேன், மாமா."

அந்த 'மாமா'வை அவர் திருத்தவில்லை. "சாப்பிட்ட பிறகு சொல்லு" என்றார்.