பின்னால் போகும் பட்டன்

இந்தக் காலத்து ஆட்களுக்கு வாய் எதற்கு இருக்கிறது என்று ஹபீப் ரகுமானுக்கு விளங்கவில்லை. இருபது வருஷமாக அவர் சரக்கை ஏற்றும் லாரிக்காரன் தங்கப்பாண்டியனே, "ஆப்புல போட்ருங்க பாய், இப்ப எல்லாம் அதுலதான்" என்று போனை வைத்துவிட்டான். லாரி வேண்டுமென்று ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனிடம் சொன்னால் என்ன கேடு?

செட்டியார்பட்டித் தோப்பில் பறித்த சப்பட்டை மாம்பழம் நூற்றுப் பத்துப் பெட்டி, ராஜபாளையத்தில் அவர் கொட்டகையில் கிடந்தது. சாயங்காலத்துக்குள் கொல்லத்துக்குக் கிளம்பாவிட்டால் வைகாசி வெக்கையில் அடிப்பெட்டியெல்லாம் குழைந்துவிடும். காலையிலிருந்து போனில் அந்த லாரி ஆப்பில் நான்கு தடவை விவரம் எழுதினார். நான்கு தடவையும் எழுதியது காணாமல் போனது.

அந்த ஆப்பைச் செய்த கம்பெனியில்தான் மகள் நாஜியாவுக்கு வேலை. அவர் போனில் ஏசிய ஏச்சில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து லேப்டாப்போடு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"நானே போட்டுத் தாரேன், குடுங்க அத்தா."

"வேணாம். என் சரக்கு, நான்தான் போடுவேன்."

"அப்ப என்ன செஞ்சீகன்னு காட்டுங்க."

ஊர்ப் பேரை எழுதினார். அடுத்த திரையில் பெட்டி எத்தனை என்று எழுதினார். பிறகு பின்னால் போகும் பட்டனை அமுக்கினார். மொத்தப் பக்கமும் போய்விட்டது.

"எதுக்குத்தா பின்னாடி போறீக?"

"மொதல்ல எழுதினது அங்கனயே இருக்கான்னு பாக்கத்தான்."

நாஜியா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எம்புட்டு பேரு சேந்து சோதிச்சோம்! ஒருத்தரும் திரும்பிப் பாக்கலையே."

"எல்லாத்தையும் நம்புற கூட்டம். கோளாறு என்னட்டி?"

"பழைய ஆப்புக்குள்ள இந்த லோடு பக்கத்த மட்டும் வேற முறையில செஞ்சு பொருத்திருக்கோம். அந்த முறையில ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுக்கும் நாங்க ஒரே தடவ புரோகிராம் எழுதினாப் போதும். அதுக்குள்ள மூணு திரை இருக்கு. பழைய ஆப்புக்கோ அது அம்புட்டும் ஒரே திரை. பின்னாடி அமுக்கினா முழுசா மூடிருது."

"வீட்டுக்குள்ள வீடு கட்டிக் குடி வச்சவுக, உள்ள எத்தனை ரூமுன்னு கேக்கலையாக்கும்."

நாஜியா லேப்டாப்பைத் திறந்தாள். பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அவர் போனை வயரில் மாட்டி ஏதேதோ தட்டினாள். அவர் ஒரு பெட்டியின் மேல்பழத்தை அமுக்கிப் பார்த்தார். இளகத் தொடங்கியிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து நீட்டினாள். "பட்டன அமுக்கினா இனி பழைய ஆப்பு உள்பக்கத்தத்தான் மொதல்ல கேக்கும். அங்க பின்னால போக எடமில்லன்னாத்தான் மூடும். இப்போதைக்கு உங்க போன்ல மட்டும்."

அவர் எழுதினார். பின்னால் போனார். ஊர்ப் பேர் இருந்தது. முன்னால் வந்து, மறுபடியும் போனார். ஆறு தடவை.

"போதும்த்தா, அனுப்புங்க."

அனுப்பினார். செத்த நேரத்தில் லாரி நம்பர் வந்தது. மூன்று மணிக்கு வண்டி என்றிருந்தது.

"பாத்தீகளா?"

"நம்பர் மேலயா பெட்டிய அடுக்க முடியும்?" என்று போனை அவள் மடியிலேயே போட்டார். துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு, வண்டி நிற்கிறதா என்று கண்ணால் பார்க்க லாரி ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.