குறிப்பேட்டில் இல்லாத ஆல்கஹால்

அண்ணன் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். ஆய்வக மேசைமேல் அவள் செய்த பதினோரு ஏரோஜெல் வில்லைகள், காற்றளவே எடையுள்ள கண்ணாடித் துண்டுகள், கிடந்தன. எல்லாம் கலங்கி, ஓரம் சுருங்கிப் போனவை. பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அத்தை முப்பது வருடத்துக்கு முன்பு செய்த வில்லை. தெளிவென்றால் அப்படியொரு தெளிவு. கையில் வைத்தால், வைத்தோமா இல்லையா என்று சந்தேகம் வரும்.

"அத்தை, நீங்க எழுதி வச்ச மாதிரியேதான் செஞ்சேன். ஒண்ணுகூடத் தேறல. வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியலன்னா, அந்தச் செய்முறையே தப்புன்னு நான்தான் கையெழுத்துப் போடணும்."

அத்தைக்குச் சுருக்கென்றது. ஓய்வு பெற்ற பிறகும் நாலு பேர் அவளை நினைப்பது அந்த ஒரு வில்லையால்தான். அதற்கும் வீட்டுப் பிள்ளை கையாலேயே முடிவா?

பழைய குறிப்பேட்டைப் பிரித்தாள். 'ஊறியது: ஒரு நாள். ஆல்கஹால் மாற்றியது: ஒரு முறை.' முத்து முத்தான கையெழுத்து. அந்த வயதில் அவளுக்கு ஒரு திமிர் இருந்தது. வேலையைத் தொடங்கும் முன்பே குறிப்பேட்டுக் கட்டங்களையெல்லாம் நிரப்பிவிடுவாள். தேதிகளை மட்டும் அன்றன்றைக்கு எழுதுவாள். காய்ந்தால் ஏரோஜெல்லாகும் ஈரக் கூழ் உறைந்தது மூன்றாம் தேதி. அழுத்தக் கலனில் காய வைத்தது இருபத்து நான்காம் தேதி.

நடுவில் மூன்று வாரம். அவளுக்கு அம்மை போட்டிருந்தது!

அம்மோனியா நெடி, இரண்டு முக்காலிகள், அவள் பக்கம் மட்டுமே காற்று வீசும் மின்விசிறி, எல்லாம் திரும்பி வந்தன. அடுத்த முக்காலியில் ஆமை. ஒரு குடுவையைக் கழுவ அரை நாள் எடுப்பவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? அவள் திட்டுவாள், அவன் சிரிப்பான். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

அம்மையில் படுத்தபோது ஆய்வகமே வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று விசாரித்தது. ஆமை மட்டும் வரவில்லை. திரும்பி வந்ததும் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வாரமே வேறு வேலைக்குப் போய்விட்டான். ஜாடியில் கிடந்த கூழை எடுத்துக் காய வைத்தாள், அற்புதமாக வந்தது. கூழ் சும்மா கிடந்ததுதானே என்று கட்டங்களைத் திருத்தவில்லை. எல்லாம் தன் கைராசி என்றே நம்பிவிட்டாள்.

"அப்போ மூணு வாரம் ஊறினா போதுமா அத்தை?"

"ஊறினா பலம் வரும், சுருங்காது. ஆனா உள்ள தண்ணி தங்கினா கலங்கத்தான் செய்யும். புது ஆல்கஹால் ஊத்தி ஊத்தித்தான் அதை வெளிய எடுக்கணும். அதை யாரு..."

அத்தை பாதியில் நிறுத்தினாள். ஆல்கஹால் அலமாரியின் இன்னொரு சாவி ஒருவனிடம்தான் இருந்தது.

அண்ணன் மகள் எங்கெங்கோ விசாரித்து ஆமையின் தொலைபேசி எண்ணை வாங்கித் தந்தாள், அத்தை அழைத்தாள். மறுமுனையில் அதே நிதானக் குரல்.

"யாரு, நீயா?"

"என் ஜாடிய நீ தொட்டியா?"

"தினமும் சாயங்காலம் பழசை வடிச்சுட்டுப் புதுசு ஊத்தினேன். இருபது தடவை. அது கெட்டுப்போனா நீ மனசு ஒடிஞ்சு போயிடுவியே."

"பின்ன ஏன் சொல்லல?"

"எங்க சொல்ல விட்ட? எட்டிக்கூடப் பாக்கலன்னு பிடிச்சுக்கிட்ட. எனக்கு அதுவரைக்கும் அம்மை வந்ததே இல்ல. நானும் படுத்துட்டா யாரு மாத்துறது?"

அத்தை பேனாவை எடுத்து 'ஒரு நாள்', 'ஒரு முறை' இரண்டையும் அடித்தாள். 'மூன்று வாரம்', 'இருபது முறை' என்று எழுதி, பக்கத்தில் அவன் முழுப்பெயரையும் திருத்திய தேதியையும் போட்டாள்.

"ஆமா," என்றான் அவன், "அது கடைசியில எப்படி வந்துச்சு? தெளிவாவா?"

எத்தனையோ பேர் பார்த்துப் பாராட்டிய வில்லை. அவன் பார்த்ததில்லை.

"நீயே வந்து பாரு," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அம்மையெல்லாம் எப்பவோ இறங்கிடுச்சு."