சுடாத வீரனும் வந்த வெள்ளமும்

தபெர்னாஸில் அந்த வருடம் எடுத்த சினிமாவில் கதாநாயகன் ஒரு தடவைகூடச் சுடமாட்டான் என்று தெரிந்ததும், வண்டியோட்டி ஹினேஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

“அப்புறம் எதுக்குடி அந்தாளு இடுப்புல துப்பாக்கி? தொப்பையைத் தாங்கவா?”

அவன் தங்கை அராசெலிக்கும் சிரிப்புத்தான். கூட்டத்தில் கறுப்பு முக்காட்டோடு நிற்கும் விதவை வேடம் அவளுக்கு. அமெரிக்கக் கதையை இத்தாலிக்காரர்களும் ஜெர்மன்காரர்களும் ஸ்பெயினின் இந்தப் பொட்டலில் வந்து எடுப்பது ஊருக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் தொழிலை விட்டுவிட்டுத் தேனீ வளர்க்கும் துப்பாக்கி வீரனை இப்போதுதான் பார்க்கிறார்கள். அவனாக நடித்த ஃபுல்வியோ அறுபதைத் தாண்டியவர். முழங்கால் வலிக்காரர். குதிரை ஏறவே அவருக்கு ஒரு பெட்டி போடவேண்டும்.

கடைசி நாளன்று தயாரிப்பாளர் வந்து குதித்தார். முடிவிலாவது சுட்டே ஆகவேண்டுமாம். இயக்குநர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். கிழவரின் துப்பாக்கியில் வெறும் சத்தத்துக்கான தோட்டாக்களைப் போட்டார்கள்.

வறண்ட ஆற்றுப்படுகையில் ஹினேஸின் வண்டி வந்துகொண்டிருந்தது. கரைமேல் கேமரா ஓடியது. தலைக்குமேல் சுள்ளென்று வெயில். ஆனால் வடக்கே மலை கறுத்துக் கிடப்பதை அராசெலி பார்த்தாள். பிறகு அந்த உறுமல், பாறைகள் ஒன்றோடொன்று மோதி உருளும் ஓசை.

“அண்ணே, தண்ணி வருது! ஏறு, கரைக்கு ஏறு!”

கோவேறு கழுதைகள் இரண்டும் காதை விறைத்துக்கொண்டு நின்றுவிட்டன. ஹினேஸ் திட்டினான், கெஞ்சினான். குதித்து ஓடவும் வழியில்லை. கடிவாள வார் மணிக்கட்டில் இறுகிக்கிடந்தது. வளைவில் பழுப்புச் சுவர் ஒன்று, வேரோடு பிடுங்கிய மரங்களைச் சுமந்தபடி திரும்பியது.

கரையிலிருந்து யாரோ சறுக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஃபுல்வியோ! நொண்டவில்லை, தயங்கவில்லை. நேரே கழுதைகளின் பின்னால் போய் நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டார். முதல் வெடிக்குத் துள்ளிய கழுதைகள் அடுத்த வெடிக்கு வண்டியை இழுத்துக்கொண்டு கரைமேல் பாய்ந்தன. பின்பலகையைப் பிடித்துத் தொங்கியபடி கிழவரும் மேலே வந்து விழுந்தார்.

தண்ணீர் கடந்துபோயிற்று. படத்துக்காக மரச்சட்டத்தில் கட்டியிருந்த மதுக்கடையும் சிறைச்சாலையும் தேவாலய முகப்பும் நின்ற கோலத்திலேயே மிதந்து போயின. தரை அதிர்வது அராசெலியின் பல்வரை ஏறியது.

ஹினேஸ் வண்டியிலிருந்து இறங்கி வந்தான். “பெரியவரே, அதுல குண்டே இல்லையே!”

“கழுதைக்கு யாருப்பா அதைச் சொன்னது?” என்றார் ஃபுல்வியோ, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

பனிக்காலத்தில் படம் அல்மெரியா நகரத்துக் கொட்டகைக்கு வந்தது. கேமராவில் பதிந்திருந்த அந்த வெள்ளக் காட்சியை இயக்குநர் வெட்டாமல் வைத்திருந்தார். ஊரே கைதட்டியபோது அராசெலியின் கை மட்டும் எழவில்லை. திரையில், கிழவர் கரையேறும்போது அவர் காலடிக்கும் அந்தப் பழுப்புச் சுவருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அன்று அங்கே நின்ற ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. பக்கத்தில் ஹினேஸ் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.