செவலை என்றால் கௌரவக் குறைச்சல்

கொடைக்கானலில் மூன்று அறை வைத்து விடுதி நடத்தும் எல்வின், தன் நாயை 'ஐரிஷ் செட்டர்' என்று சாதிப்பெயரோடுதான் அறிமுகப்படுத்துவார். ரஸ்ஸெட் என்று பெயர் வைத்திருந்தார். விருந்தினரோடு கூக்கால் ஏரிக்குப் போன இடத்தில் அந்த நாய் ஜீப்பிலிருந்து குதித்து ஓடிவிட்டது.

"செவலை நாயைக் காணோம்னு குரூப்புல போடுங்க. மலை பூராத் தெரிஞ்சிரும்" என்றாள் மனைவி ஷைலா.

எல்வினின் முகம் சுருங்கியது. சிவப்பும் பழுப்பும் கலந்த அந்த நிறத்தை மலையில் செவலை என்றுதான் சொல்வார்கள். ஆனால் காளைக்கும் மட்டக்குதிரைக்கும் பேருந்து நிலையத்தில் படுத்துக் கிடக்கும் நாய்க்கும் அதே சொல்தான்.

"சாதிச் சர்டிபிகேட்டோட வாங்குன நாயைப் போயி செவலைங்கிற? சிரிக்க மாட்டாங்களா?"

மறுநாள் 'மகாகனி நிற நாய்' என்று போட்டார். வத்தலக்குண்டு மரக்கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டு, "மகாகனி எத்தனை கன அடி தேறும்?" என்று கேட்டார். எரிச்சலில் எல்வின் அதை 'செந்நிற நாய்' என்று மாற்றினார். செய்தி வாய்மாறி மேல்மலைப் போளூர் போய்ச் சேர்வதற்குள் அது செந்நாயாகிவிட்டது. எல்வின் வளர்த்த செந்நாய் தப்பிவிட்டது என்று ஊரே ஆடுகளை உள்ளே அடைத்தது.

அடுத்த நாள் வெள்ளனே வனக்காவலர் குழந்தைவேல் கூண்டு ஏற்றிய ஜீப்போடு வாசலில் நின்றார்.

"காட்டு மிருகம் வளக்குறது குத்தம்னு தெரியாதா சார்? கெளம்புங்க, ஆபீசுக்குப் போவோம்."

"ஐயோ, அது செந்நாய் இல்லைங்க. செட்டர்! டார்க் ரெட்..."

"ரெட்டுன்னா செந்நாய்தானங்க?"

எல்வின் ஷைலாவைப் பார்த்தார். அவள் வேலியோரப் பூச்செடியை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவலை நாய்ங்க" என்றார், மெல்ல.

"காதுல விழலைங்க."

"செவலைங்க! செவலை நாய்!"

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? கூக்காலுக்குப் பக்கத்துல, கவுஞ்சியில வடிவு தோட்டத்துல ஒரு செவலை முந்தாநாளுல இருந்து கெடக்குதாம். வெரசா வாங்க."

கேரட் பாத்திக்கு நடுவில் நாய் படுத்திருந்தது. எல்வின் "ரஸ்ஸெட்! ரஸ்ஸெட்!" என்று தொண்டை வறளக் கூப்பிட்டும் காதைக்கூட அசைக்கவில்லை. இரண்டு நாளாக அதற்குக் கறிக்குழம்புச் சோறு போட்டிருந்த வடிவு, "ஏ செவலை" என்று ஒரு குரல்தான் கொடுத்தாள். மண்ணை உதறிக்கொண்டு ஓடிவந்தது.

"அப்படியே கூப்பிடுங்கண்ணே. வாய் ஒண்ணும் வலிக்காது."

வீட்டுக்கு வந்த பிறகும் அது பழைய பெயருக்குத் திரும்பவில்லை. எல்வின் தினமும் தோட்டத்தில் நின்று 'செவலை, செவலை' என்று கத்த வேண்டியதாயிற்று. போன வாரம் பெங்களூரிலிருந்து வந்து தங்கிய அம்மாள் அதைக் கேட்டு வியந்துபோனார்.

"ஷெவாலே! ஃபிரெஞ்சுப் பேரா?"

"ஆமாங்க" என்றார் எல்வின், கண் இமைக்காமல். சமையலறையில் ஷைலா சிரிப்பது கேட்டது. அவர் குரலை உயர்த்தி, "ஷெவாலே!" என்று கூப்பிட்டார்.

நாய் வரவில்லை.