கெச்சிலுக்கு ஆறு யூனிட்

காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அந்த வீட்டில் ரத்தம் வரும். பெரும்பாலும் அது லோகேஸ்வரனுடைய ரத்தம்.

பூனைக்கு இனிப்பு நீர், சர்க்கரை நோய். காது விளிம்பில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் பார்க்க வேண்டும். பிறகு சாப்பாடு. பிறகு பிடரித் தோலைத் தூக்கி இன்சுலின். கெச்சிலைத் துண்டில் சுருட்டி முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கினால் ஒரு நொடி சும்மா இருக்கும். அடுத்த நொடி துண்டு கிழியும். போன மாதம் கட்டைவிரலை நகத்தோடு சேர்த்துக் கடித்தது. நகம் கறுத்து விழுந்தது. லோகேஸ்வரன் கத்தவில்லை. விரலைக் குழாயில் காட்டிவிட்டு மறுபடி துண்டை எடுத்தான்.

கெச்சில் என்றால் மலாயில் சின்னது. பெயர் வைத்தவள் அவன் மனைவி ஷாமளா. சாக்கடையிலிருந்து உள்ளங்கை அளவில் அவள் தூக்கி வந்தது, ஏழு கிலோவுக்கு வளர்ந்தது. இப்போது நாலரை கிலோ.

ஷாமளா இறந்து பதினோரு மாதம். காய்ச்சல் என்றாள். பனடோல் மாத்திரை கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான். மறுநாளும் போனான். நான்காம் நாள் மருத்துவமனையில் டிங்கிக் காய்ச்சல் என்றார்கள். ஐந்தாம் நாள் அவள் இல்லை. அதன் பிறகு அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. பூனை தண்ணீரைக் குடித்துக் குடித்து வீடெங்கும் மூத்திரம் விட்டபோதுதான் தலை நிமிர்ந்தான். இதையும் காய்ச்சல்தானே என்று விட்டுவிடக் கூடாது என்று தோன்றியது. இது சாகக் கூடாது. வேறெதுவும் தோன்றவில்லை.

பத்து பாகாட் நகரில் ஒரு துணி ஆலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை அவனுக்கு. வாரம் ஆறு நாள். யோங் பெங் வீட்டிலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பினால் மாலை ஐந்தரைக்குத் திரும்புவான். ஆலையில் நூலுக்குப் போடுவது போலவே பூனைக்கும் ஓர் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினான். பத்துக்குள் இருக்க வேண்டிய சர்க்கரை எண் இருபத்தாறு. இருபத்தொன்பது. சில மாலைகளில் மெஷின் எண்ணே காட்டாது, அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டும். இரண்டு யூனிட்டில் ஆரம்பித்தது மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எண் கொஞ்சம் இறங்கும். திங்கள் மாலை மறுபடி மேலே போகும்.

"வேற யாராச்சும் தீனி போடறாங்களா?" என்று கேட்டார் கால்நடை டாக்டர் பியாட்ரிஸ்.

"இல்ல டாக்டர். மத்தியானம் மச்சான் வந்து ஷாமளா படத்துக்கு வெளக்கேத்திட்டுப் போவான். அவனுக்குப் பூனைன்னாலே ஆகாது."

"கேட்டுப் பாருங்கலா."

"நாங்க பேசறதில்ல."

டாக்டர் அவன் கைகளைப் பார்த்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை கோடுகள். "நீங்க பாத்துக்கறீங்களா, இல்ல அது உங்களப் பாத்துக்குதா?" என்றார். அவன் சிரிக்கவில்லை.

பூனையின் வாயோரத்தில் சில நாள் இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியிருக்கும். ஈறில் ரத்தம் கசிகிறது என்று நினைத்தான். டாக்டர் வாயைத் திறந்து பார்த்து, ஈறு சுத்தமாக இருக்கிறது என்றார். அப்படியானால் சமையலறையில்தான் எதையோ நக்குகிறது. அன்று மாலையே சீனி டின்னைக் கவிழ்த்துக் கொட்டினான். தேன், கட்டிப்பால், பிஸ்கட், ஷாமளா வாங்கி வைத்திருந்த காயா ஜாம் புட்டி எல்லாம் குப்பைக்குப் போயின. டின்களைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். எண் இறங்கவில்லை. சனிக்கிழமை ஆறு யூனிட் ஆனது.

"ஆறு போட்டா கண்ணு கொட்டாம பாக்கணும்," என்று டாக்டர் தொலைபேசியில் சொன்னார். "கையில சீனித் தண்ணி வச்சுக்குங்க."

"சரி டாக்டர்," என்றான். கழுவிய டின்கள் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

ஞாயிறு காலை சதாசிவம் வந்தான். ஷாமளாவின் தம்பி. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவன். கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாத உடம்பு. அக்காள் கொடுத்த சாவி இன்னும் அவனிடம் இருந்தது.

"லாயாங் லாயாங் வீட்லேருந்து அம்மா கேக்கச் சொன்னாங்க. வருசப் படையல் எங்க வைக்கிறது?"

"எங்க வேணும்னாலும் வைங்க. என்னால வர முடியாது. ஆறு மணிக்கு ஊசி போடணும்."

சதாசிவம் சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தான். ஷாமளாவின் படத்துக்கு முன் இருந்த மெஷினையும் பஞ்சையும் பார்த்தான். வாசலில் செருப்பைக் கழற்றிய கால்விரல்கள் தரையில் அழுந்தின.

"பூனைக்கு மணி பாத்து ஊசி போடத் தெரியுது. எங்கக்காவுக்கு மட்டும் பனடோல்."

லோகேஸ்வரன் முஷ்டியை ஓங்கி அவன் வாயில் குத்தினான். அப்படிக் குத்தப் போகிறான் என்று அவனுக்கே தெரியாது. சதாசிவம் ஓர் அடி பின்னால் போய், ஆச்சரியத்தோடு உதட்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு திருப்பிக் கொடுத்தான். முதல் அடியில் லோகேஸ்வரன் நாற்காலியோடு விழுந்தான். இரண்டாவது விலாவில் இறங்கியது. சோபாவுக்கு அடியிலிருந்து கெச்சில் சீறிக்கொண்டு பாய்ந்து, சதாசிவத்தின் கெண்டைக்காலில் நான்கு நகங்களையும் இறக்கிவிட்டு ஓடியது.

"ரெண்டும் நாசமாப் போங்க!"

கேட் அதிர மூடிவிட்டுப் போனான். அன்று மதியமே லோகேஸ்வரன் கேட் பூட்டை மாற்றினான்.

திங்கள் மாலை எண் ஒன்பது. அவன் மெஷினைத் தட்டிவிட்டு மறுபடி காதைக் குத்தினான். மறுபடியும் ஒன்பது. அட்டவணையில் பச்சை மையால் எழுதினான். கைப்பேசியில் சதாசிவத்தின் பதினொரு அழைப்புகள் இருந்தன. திறந்துகூடப் பார்க்கவில்லை. செவ்வாய் காலை எண் ஐந்தரை. ஒரு கணம் தயங்கினான். இத்தனை மாதத்துக்குப் பிறகு வந்த நல்ல எண்ணைக் கெடுக்கக் கூடாது என்று அதே ஆறு யூனிட்டைப் போட்டான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் சோதித்து டாக்டருக்குக் காட்டலாம் என்று அன்றைக்கு லீவும் எடுத்தான்.

எட்டு மணிக்கு நான்கு. பத்து மணிக்கு மூன்று. சாப்பாடு வைத்தான். கெச்சில் முகர்ந்துவிட்டு, நேரான கோட்டில் நடக்க முடியாமல் சுவரில் மோதியது. பின்னங்கால்கள் மடங்கின. மெஷினில் 1.6.

பூனை பக்கவாட்டில் விழுந்து இழுக்கத் தொடங்கியது. கழுத்து முதுகுப் பக்கம் வில்லாக வளைந்தது. நான்கு கால்களும் காற்றைக் கிழித்தன. வாயில் நுரை. லோகேஸ்வரன் சமையலறைக்கு ஓடி ஒரு டின்னைத் திறந்தான். பளபளவென்று இருந்தது. அடுத்ததைத் திறந்தான். அதுவும் அப்படியே. வீட்டில் ஒரு மணி சீனி இல்லை. டின்னைச் சுவரில் எறிந்தான். திரும்பி ஓடி வந்தால், பூனை மேசைக் காலில் தலையை டம் டம் என்று அடித்துக்கொண்டிருந்தது. தலைக்கு அடியில் கையைக் கொடுத்தான். பல் உள்ளங்கையில் இறங்கியது. இறங்கிய பல் விடவில்லை.

அப்போதுதான் கேட்டில் இரும்பு விழுந்தது.

"தொறடா! பூட்டையா மாத்துற? நேத்து அவள காய வச்சிட்டல்ல! இன்னிக்கு யார் தடுக்கிறான்னு பாக்கறேன்!"

லாரிச் சக்கரத்துக்கு நட்டு முறுக்கும் கம்பியால் சதாசிவம் பூட்டை அடித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். ஒரு கையில் கம்பி. மறு கையில், ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்டிக் பையில், ரோஜா நிறத்தில் ததும்பும் சிராப் பாண்டுங், ரோஜாப் பாகு ஊற்றிய பால்.

தரையில் கிடப்பதைப் பார்த்து நின்றுவிட்டான்.

"அலமாக்... செத்துருச்சா?"

"அதுல சீனி இருக்கா?"

"என்னது?"

"கையில இருக்கறதுலடா! சீனி இருக்கா?"

"கட்டிப்பால் கூட ஊத்தச் சொல்லி வாங்கினது. அக்காவுக்கு..."

லோகேஸ்வரன் பையைப் பிடுங்கினான். கடிபட்ட கையை உருவ முடியவில்லை. சதாசிவம் கம்பியைப் போட்டுவிட்டு மண்டியிட்டு, தன் பெரிய விரல்களால் பூனையின் தாடையைப் பிளந்தான். கை வெளியே வந்தது. லோகேஸ்வரன் பாண்டுங்கில் விரலை நனைத்து ஈறில் தேய்த்தான். திரும்பத் திரும்பத் தேய்த்தான். அவன் ரத்தமும் சிராப்பும் கலந்து பூனையின் வாய் முழுக்கச் சிவப்பானது.

"வாயில ஊத்திரலாம்லா!"

"ஊத்துனா நுரையீரலுக்குப் போயிரும். காலப் பிடி."

சதாசிவம் பிடித்தான். கெச்சில் மணிக்கட்டைக் கிழித்தது. அவன் விடவில்லை. ஐந்து நிமிடம் ஆகியிருக்கலாம். இழுப்பு குறைந்து நடுக்கமானது. நடுக்கம் நின்றது. பூனை தலையைத் தூக்கியது, இருவரையும் எதிரிகளைப் பார்ப்பது போலப் பார்த்தது. பிறகு பை இருந்த பக்கம் மூக்கைத் திருப்பி, கீழே சிந்தியிருந்த பாண்டுங்கை நக்கத் தொடங்கியது. பழகிய நாக்கு. ஒரு சொட்டு விடாமல் நக்கியது. மோவாயில் இளஞ்சிவப்பு ஒட்டிக்கொண்டது.

லோகேஸ்வரன் அந்த மோவாயையே பார்த்தான்.

டாக்டரைக் கூப்பிட்டான். எண் ஐந்துக்கு மேல் வந்ததும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். இன்றிரவு ஊசியே கூடாது என்றார். கைப்பேசியை வைத்துவிட்டுச் சதாசிவத்திடம் கேட்டான்.

"இத தெனமும் கொண்டு வருவியா?"

"ஞாயித்துக்கெழம தவிர. அன்னிக்கி லாரி ஓடாது." சதாசிவம் மணிக்கட்டைச் சட்டையில் துடைத்தான். "அவளுக்குப் பிடிக்கும்ல. கிளாஸ்ல ஊத்திப் படத்துக்கு முன்னால வப்பேன். கதவச் சாத்திட்டு வெளிய நிப்பேன். ஆளு நின்னா செத்தவங்க வர மாட்டாங்க. அரை மணி கழிச்சுப் போனா பாதி குடிச்சிருப்பா. மிச்சத்தக் கொட்டிட்டு கிளாஸக் கழுவி வச்சிருவேன். மொத நாளே குடிச்சா. நீதான் ஒண்ணும் செய்யல. எங்கிட்ட அவளுக்குக் கோவம் இல்ல."

"பூன எங்க இருக்கும்?"

"உள்ளதான்... எங்கயாச்சும் ஒளிஞ்சு..."

பூனையின் மோவாயைப் பார்த்தான்.

"அவ குடிக்கல, சதா," என்றான் லோகேஸ்வரன். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "இது குடிச்சிது. நீ ஊத்த ஊத்த நான் ஊசிய ஏத்திக்கிட்டே போனேன். பூட்டு மாத்துனதும் அது நின்னுபோச்சு. ஊசி நிக்கல."

அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அவன் பார்க்கவில்லை. உதடு பல்லில் கிழிந்தது. சுவரோடு சரிந்தான். சதாசிவம் மேலே விழுந்து சட்டைக் காலரைப் பிடித்து, தலையைச் சுவரில் ஒரு தரம் இடித்தான். இன்னொரு தரம் இடித்தான். "குடிச்சா! அவதான் குடிச்சா! சொல்லு!" என்று கத்தினான். லோகேஸ்வரன் கையைத் தூக்கவில்லை. அடி வாங்குவது பதினோரு மாதமாகப் பாக்கியிருந்த வேலை போல இருந்தது. மூன்றாவது தரம் இடிக்கும்போது சதாசிவத்தின் கையில் பலம் இல்லை. காலரைப் பிடித்தபடியே அவன் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டு, காயம்பட்ட மாடு போல ஒரு சத்தம் போட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மூக்கைச் சிந்தினான். பையில் மிச்சம் இருந்ததை ஒரு கிளாஸில் ஊற்றிப் படத்துக்கு முன் வைத்தான். விளக்கை ஏற்றினான். கெச்சிலைத் துண்டில் சுருட்டித் தூக்கினான்.

"வாங்க வெளிய. இது உள்ள இருக்கக் கூடாது. இன்னிக்குப் பாத்துரலாம்."

"அதுக்கு டாக்டர்..."

"எண்ணு ஏறுற வரைக்கும் சும்மாதானே நிக்கணும். வெளிய நில்லுங்க."

கதவைச் சாத்தினார்கள். வெயில். தெருமுனையில் குலை ஏற்றிய லாரி. சதாசிவத்தின் கையில் கெச்சில் பலம் வந்து உறுமத் தொடங்கியிருந்தது. அவன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையை லோகேஸ்வரன் மருத்துவமனை வராந்தாவில் ஒரு தரம் பார்த்திருக்கிறான். அன்று கதவைத் திறந்து வந்து, அவள் போய்விட்டாள் என்று சொன்னவன் லோகேஸ்வரன்தான்.

"மெஷின் உள்ள இருக்கு," என்றான். "எடுத்துட்டு வரேன்."

"சீக்கிரம்."

உள்ளே போய் மெஷினை எடுத்தான். ஷாமளா படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். கிளாஸ் ததும்பி நின்றது. அவன் அதை எடுத்து, கிழிந்த உதட்டில் வைத்து, பாதி குடித்தான். சிராப் காயத்தில் நெருப்பு போல எரிந்தது. எரிகிறது என்று தெரிந்தது. கிளாஸை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, பூனையின் காதைக் குத்தினான். 5.8.

"போலாம்," என்றான்.

சதாசிவம் பூனையை அவனிடம் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தான். படத்துக்கு முன்னால் வெகு நேரம் நின்றான். திரும்பி வந்து லோகேஸ்வரனின் வாயைப் பார்த்தான். ரத்தத்துக்கு மேல் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு.

கை ஓங்கியது போல இருந்தது. லோகேஸ்வரன் பூனையை மட்டும் ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டான்.

ஓங்கிய கை அவன் மோவாயை அழுத்தித் துடைத்தது. வலிக்கும்படித்தான் துடைத்தது.

"லாரில ஏறுங்க மாமா," என்றான் சதாசிவம். "கேட்டுக்கு சாயங்காலம் வேற பூட்டு வாங்கிக்கலாம். சாவி ரெண்டு இருக்கணும்."